அக்கா வரும் காட்சி

ஜூன் 9, திங்கள்

ஜெனிட்டா கதையை அனுப்பிவிட்டாள். மூன்றரை நிமிடம். எங்கள் இணையச் சேனலுக்கு, நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கான பாட்டுப் படம். மழை வரப்போகும் ஒரு சாயங்காலம், சின்னப் பெண் ஒருத்தி தெருமுனையில் நின்று அப்பா வருகிறாரா என்று பார்க்கிறாள். காகத்தைக் கேட்கிறாள். பூனையைக் கேட்கிறாள். அயர்ன் வண்டிக்காரரைக் கேட்கிறாள். கடைசியில் குடையோடு அப்பா வருகிறார்.

வழக்கம்போல நான் ஈரோட்டில் உட்கார்ந்து வரைய வேண்டும். அவள் சென்னையில் உட்கார்ந்து அதை அசைய வைப்பாள். ஜூலை பதினைந்துக்குள் எல்லாப் படங்களும் போய்விட வேண்டும். ஆகஸ்ட் ஒன்று வெளியீடு.

"அப்பா வர்ற படம் ஊர் முழுக்க இருக்கு. அக்கா வரட்டும். ஸ்கூல் விட்டு வர்ற அக்கா" என்றேன்.

ஜெனிட்டா கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் செரிதான் பிள்ளே. அப்பான்னா மீச வேணும், வேட்டி மடிப்ப அசைக்கணும். அக்கான்னா எனக்க முதுகு தப்பிச்சு" என்றாள். நாகர்கோவில்காரி. அவளுக்கு எல்லாமே முதுகுவலியில் போய் முடியும்.

அம்மா முருங்கைக்கீரை ஆயக் கொடுத்தாள். குச்சியெல்லாம் விட்டுவிட்டேன் என்று திட்டு.

ஜூன் 11, புதன்

சின்னப் பெண் முடிந்தாள். மஞ்சள் கவுன், எண்ணெய் வழியும் நெற்றி, ஒரு பல் இல்லை.

இந்த வேலையைப் பார்க்கிறவர்களுக்கு நான் ஒரு பொம்மை வரைகிறேன் என்றுதான் தோன்றும். உண்மையில் ஒரு பெண்ணைத் துண்டு துண்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். தலை தனி. கழுத்து தனி. மேல்கை, முன்கை, உள்ளங்கை ஒவ்வொன்றும் தனித்தனி லேயர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படலம். அப்போதுதான் ஜெனிட்டாவால் ஒவ்வொன்றையும் மூட்டில் பிடித்துத் திருப்ப முடியும். உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் கையையும் முழுதாக வரைந்தாக வேண்டும். அது வெளியே வராது என்று நினைத்து விட்டுவிட்டால், அசையும்போது தோளில் ஓட்டை விழும்.

மறைந்திருப்பதை வரைவதுதான் பாதி வேலை.

ஜூன் 14, சனி

அக்காவை வரைந்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன்.

"என்னட்டி இது, வாட்ச்ச வலது கைல கெட்டியிருக்க? குடை இடது கைல?"

"அவ இடது கைக்காரி."

"கதைல எங்க இருக்கு அது?"

"கதைல இல்ல. நான் வெச்சேன்."

"இஞ்ச பாரு, காலைல அவ வலப் பக்கமாப் போறா, சாயங்காலம் இடப் பக்கமா வாறா. ஒரே படத்தக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டா ரெண்டு காட்சியும் முடிஞ்சு. நீ இடது கைன்னு வச்சா நான் எப்படித் திருப்புவேன்? கை மாறிராதா?"

"ரெண்டையும் தனித்தனியா வரைஞ்சு தர்றேன்."

"வேலை ரெட்டிப்பு ஆகும்."

"எனக்குத்தானே."

"எனக்கும் சேத்துதான் மக்களே! எந்த நாலு வயசுக் கொழந்த அக்காக்க கையப் பாத்துட்டு இருக்கப் போவுது?"

மாற்ற மாட்டேன் என்றேன். கடைசியில் "ஒனக்க இஷ்டம் போல வரஞ்சு தொலை" என்று வைத்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மாதிரி இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

போன மாதம் ரம்யா அக்கா வாட்ஸாப்பில் ஒரு ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். அவள் என் அக்காவின் தோழி, சேலத்தில் இருக்கிறாள். படத்தில் ஒரு குழந்தை காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு கேக்குக்கு முன்னால் நிற்கிறது. 'நிலாக்குட்டிக்கு இன்று நாலு.' என் அக்காவின் மகள். நான் அவளைப் பார்த்தது அதுதான் முதல்முறை. அக்காவோடு நான் பேசி ஆறு வருடம் ஆகிறது.

ஸ்டேட்டஸ் மறைவதற்குள் படத்தைச் சேமித்துக்கொண்டேன். குழந்தைக்குப் பின்னால் ஒரு டிவி பாதி தெரிகிறது. திரையில் ஏதோ குழந்தைப் பாட்டு ஓடுகிறது. ஓரத்தில் ஒரு மஞ்சள். எங்கள் சேனல் படங்கள் எல்லாவற்றிலும் வரும் மஞ்சள்தான் அது என்று நினைக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். முகம், டிவி, தொப்பி எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துபோயின. புள்ளியும் கோடுமாக நான் வரைகிற வெக்டர் படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. போட்டோ அப்படியில்லை. அந்த மஞ்சளை மட்டும் தொட்டு எடுத்து அதன் நிற எண்ணைப் பார்த்தேன். எங்கள் எண் இல்லை. கொஞ்சம் பச்சை கலந்திருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் மாறும்.

அந்த வீட்டில் எங்கள் படங்கள் ஓடுகின்றன என்றால், இதுவும் ஓடும். பாப்பா பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் பார்ப்பாள். அவளைப் போலவே இடது கையில் குடை பிடித்து ஓர் அக்கா வருவதைப் பார்த்தால், யார் வரைந்தது என்று கடைசியில் வரும் பெயரைப் படிக்கக்கூடத் தேவையில்லை. அப்புறம் அவளாக ஒரு நாள் கூப்பிடுவாள்.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் கூப்பிட வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

காகம். மூன்று தடவை அழித்தேன். வெறும் கறுப்பில் கோபத்தைக் கொண்டுவர முடிகிறது, சிரிப்பைக் கொண்டுவர முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பின்னணிக் காட்சிகள். தெரு, மின்கம்பம், பால் பூத், கம்பி கேட். கேட்டின் கீழ்க் கம்பி ஒன்றை வளைத்து வைத்தேன். எங்கள் பழைய வாடகை வீட்டு கேட் அப்படித்தான் இருக்கும். அதில் ஏறி நின்று ஆடியதற்கு இரண்டு பேரும் உதை வாங்கியிருக்கிறோம்.

அம்மா தலை துவட்டிக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

"அந்தப் புள்ளைக்கு ரெட்டை ஜடை போட்டுடு கண்ணு. ஸ்கூல்ல ஒத்த ஜடை விடமாட்டாங்க."

"இவ பெரிய கிளாஸ்ம்மா. ஒத்த ஜடைதான்."

"எத்தனாவது?"

"பன்னெண்டு."

அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். "அப்போ செரி" என்று ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. துண்டு ஒன்றுதான் காயப்போட இருந்தது.

ஜூலை 2, புதன்

இன்று வாய் வரையும் நாள்.

பாட்டில் சின்னப் பெண் நான்கு இடத்தில் "அக்கா" என்று கூப்பிடுகிறாள். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வாய் வரைந்து கொடுத்தால், ஜெனிட்டா அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பேச வைப்பாள். மேசைமேல் கைக்கண்ணாடியை நிறுத்தி வைத்து நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வரைந்தேன். அக்கா. அக்கா. அ-க்-கா. 'அம்மா', 'அப்பா' இரண்டு சொல்லிலும் நடுவில் உதடுகள் ஒருமுறை சேர்ந்து பிரிய வேண்டியிருக்கிறது. 'அக்கா'வுக்குச் சேரவே வேண்டாம். திறந்த வாய் திறந்தபடியே இருக்கும். இத்தனை வருடம் கூப்பிட்டும் இதைக் கவனித்ததில்லை.

எத்தனை முறை சொன்னேனோ. சத்தமாகவும் சொல்லியிருக்கிறேன் போல. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்துவிட்டாள். கையெல்லாம் கோதுமை மாவு. வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரக் கூப்புட்ட?"

"வேலைக்கும்மா. வாய் எப்படித் திறக்குதுன்னு பார்க்கறதுக்கு."

"ஓ" என்றாள். திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றாள். மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி. "ஆச்சா வேலை?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"செரி. சொல்லு" என்றாள். அங்கேயே நின்றாள்.

நான் சொல்லவில்லை. அவள் எதிரில் எப்படிச் சொல்வது. சப்பாத்தி கருகும் வாசனை வந்த பிறகுதான் போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆறு வருடம் முன்பு இதே தேதிதான்.

அக்காவின் பெயர் சுகந்தி. இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டி வந்தால் அம்மா 'அவ' என்பாள், அதுவும் கோவில் பூசாரியோ ரேஷன் கடைக்காரரோ கேட்டால் மட்டும்.

திருப்பூரில் அவள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில்தான் மோகன் மாமாவும் வேலை பார்த்தார். அவர் வேறு சாதி. எங்கள் வீட்டுக்கு அது ஒன்று போதும். அந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போனாள். சேலத்தில் ரம்யா அக்கா வீட்டில் தங்கியிருந்து வியாழக்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். இடம் எப்படியோ தெரிந்துவிட்டது. புதன்கிழமை அப்பாவும் பெரியப்பா மகனும் கார் எடுத்துக்கொண்டு போனார்கள். மாமாவை அடித்தார்கள். அவருக்கு இடது காது இப்போதும் சரியாகக் கேட்பதில்லை என்று ரம்யா அக்கா ஒருமுறை சொன்னாள். அடித்தும் அக்கா வரவில்லை. அடுத்த வாரம் வேறு ஊரில் கல்யாணம் நடந்தது.

அந்த இரண்டு நாளும் அம்மா சாப்பிடவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாயோரம் வழிந்தது. அந்த வீட்டில் அப்போது இருந்தவர்களுக்குத்தான் அது புரியும்.

இன்று பூனை முடிந்தது. வால் மட்டும் ஏழு துண்டு.

ஜூலை 10, வியாழன்

நேற்று முன்தினம் எழுதியதில் 'எப்படியோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடிக்க வேண்டும்.

அடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கடைசிக் காட்சியை முடித்து அனுப்பிவிட்டேன். அக்கா வரும் காட்சி.

காலையிலிருந்து அதுதான். மழையில் தெரு திரும்பி வருகிறாள். நீலத் தாவணி, தோளில் பை, குடைக்குக் கீழே முகம். கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளிகள் முகத்தில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரு வளைவுக்கு இரண்டு புள்ளி போதும். மூன்றாவது வைத்தால் கோடு நடுங்கும். அவள் முகத்தை வரைய எனக்கு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வலது புருவம் கொஞ்சம் தூக்கியிருக்கும், எதற்கோ நம்மைக் கேலி செய்யத் தயாராக இருப்பதுபோல.

வரைந்து முடித்ததும் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நேராகவே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும், தப்பு தெரியாது. திருப்பினால் சரிந்த தோளும் ஏறிய கண்ணும் சட்டென்று தெரிந்துவிடும். இன்றும் திருப்பினேன். கழுத்து ஒரு நூல் சாய்ந்திருந்தது. அதைச் சரி செய்துகொண்டிருக்கும்போது அப்பா பின்னால் நிற்பது தெரிந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்தவர், கையில் டிபன் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என் மேசைப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

"யாரு கண்ணு இது?"

"படத்துல வர்ற அக்காங்கப்பா."

"ம்."

போகவில்லை. அவர் மூச்சு கேட்டது. மில் பஞ்சு மீசையில் ஒட்டியிருப்பது திரையில் நிழலாகத் தெரிந்தது. அப்படியே சேமித்து, ஜெனிட்டாவுக்கு அனுப்பி, மடிக்கணினியை மூடிவிட்டேன்.

"ஏன் மூடிட்ட?"

"முடிஞ்சுதுங்கப்பா."

தூக்கை அடுப்படியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

ஜூலை 16, புதன்

ஜெனிட்டா: "கிட்டிச்சு. கடைசிக் காட்சி அருமை. இனி ஒண்ணுலயும் கை வைக்காத, உன் காலப் பிடிக்கேன்."

நாள் முழுவதும் தூங்கினேன்.

ஜூலை 27, ஞாயிறு

வேலை இல்லாத நாட்கள் நீளமாக இருக்கின்றன. நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலில் முப்பது பக்கம் படித்தேன். பிறகு கவனித்தால் மூன்று பக்கத்தைப் பத்து முறை படித்திருக்கிறேன்.

அலமாரியைச் சுத்தம் செய்தேன். இந்த அறையில் இரண்டு கட்டில்கள். இன்னொன்றில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணிகள் கிடக்கின்றன. அவள் போன புதிதில் அந்தக் கட்டிலைத் தூக்கிவிடலாம் என்று அப்பா சொன்னார். எனக்குத் துணி போட இடம் வேண்டும் என்று நான்தான் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை பத்து மணிக்குப் படம் வெளியானது. ஜெனிட்டா பூங்கொத்து, பட்டாசு எல்லாம் வாட்ஸாப்பில் பொம்மைப் படமாக அனுப்பினாள்.

பத்து மணி முதல் போனைக் கீழே வைக்கவில்லை. 40 பேர். 112 பேர். மதியம் 900. யாரோ 'என் பையன் ஏழு தடவை பார்த்துட்டான்' என்று எழுதியிருந்தார். யாரோ 'காக்கா செம' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். நான் தேடிய பெயர் இல்லை. வேறு பெயரில்கூட இருக்கலாம். 'நிலா அம்மா' என்று ஒருத்தி இருந்தாள். அழுத்திப் பார்த்தேன். மதுரை. டீச்சர்.

படத்தைப் பதினோரு முறை ஓட விட்டேன். படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அதற்குக் கீழே ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா தேங்காய்ப்பாலும் கச்சாயப் பலகாரமும் செய்தாள். ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டாள், பிறகு கூட்டமாக இருக்கும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

சாப்பிட்ட பிறகு அப்பா முன்னறையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து எங்கள் படத்தின் பாட்டு கேட்டது. முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. மூன்றாவது தடவையும். நான் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு யார் காட்டினார்கள்? அம்மாவாக இருக்கும்.

தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே வந்தேன். அவர் நிமிரவில்லை.

"கை மாறிப் போச்சு கண்ணு."

"என்னங்கப்பா?"

"குடை. அவ அந்தக் கைல புடிக்க மாட்டா."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது தம்ளர் கையில் இருந்தது, தண்ணீர் இல்லை. அப்பா எழுந்தார். "தொட்டி நெறஞ்சிருக்கும்" என்று மோட்டாரை அணைக்கப் போனார். மோட்டார் ஓடவே இல்லை.

ஆறு வருடத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் இது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். வலது கையில் குடை, இடது கையில் வாட்ச். தூக்கியிருக்க வேண்டிய புருவம் மறுபக்கம். அன்று திருப்பிப் பார்த்த படத்தை நேராக்காமலே அனுப்பியிருக்கிறேன். பயத்தில். யாரைப் பார்த்துப் பயந்தேனோ அவருக்கு, கை மாறிய பிறகும் அவளைத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜெனிட்டாவிடம் சொன்னேன்.

"அய்யோ பிள்ளே, நீயே மனசு மாறி எனக்க வேலையக் கொறைச்சிட்டேன்னுல்லா நெனச்சேன்! அன்னைக்கு ஒனக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்."

"மாத்த முடியுமா?"

"வெளிய போன படத்த மாத்த முடியாது. எடுத்துட்டு முதல்லேருந்து ஏத்தணும். பாத்த இருபதாயிரமும் போவும். எதுக்கு? ஒரு குடைக்கா?"

அப்புறம் சொல்லிவிட்டேன். அக்கா, குழந்தை, டிவி, மஞ்சள், ஆறு வருடம். மூச்சு விடாமல். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஜெனிட்டா குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஒனக்க அக்காக்க நம்பர் இல்லியா?"

"இருக்கு."

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா."

ரம்யா அக்கா கொடுத்தது. 'கேஸ் புக்கிங் 2' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

"நம்பர் கைல இருக்கு. பின்ன எதுக்குட்டி மூணர நிமிசப் படம்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

எனக்குத் தெரியும். அக்காவாகக் கூப்பிட்டால், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இருந்துவிடலாம். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புதன்கிழமை காலை அப்பா வாஷ்பேசின் முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "சேலத்துலங்கப்பா. ரம்யா அக்கா வீட்ல."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இவ்வளவுதான் அனுப்பினேன்:

'அக்கா, தாரணி. அன்னைக்கு நீ எங்க இருக்கேன்னு அப்பாகிட்ட சொன்னது நான்தான். அம்மா ரெண்டு நாளா சாப்பிடாம அழுதுட்டே இருந்தாங்க. உன் பாப்பா பர்த்டே போட்டோல டிவி தெரிஞ்சுது, அதுல அவ பார்ப்பான்னு ஒரு படம் வரைஞ்சேன். உன் கையைத் தப்பா வரைஞ்சுட்டேன்.'

படத்தின் இணைப்பையும் வைத்தேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

டிக் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.

புதுப் படம். யானை. தும்பிக்கை பதினான்கு துண்டு.

ஆகஸ்ட் 13, புதன்

அக்காவிடமிருந்து.

'உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்புறம் யார் சொல்லியிருப்பாங்கன்னு ஆறு வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன்னு நெனச்சியா. எங்க வீட்ல டிவி கிடையாது. பர்த்டே ரம்யா வீட்ல நடந்துச்சு. நீ அனுப்பின படத்த நான் இன்னும் பாக்கல. நீ ஏன் சொன்னேன்னு மட்டும் எழுது. அம்மா அழுதாங்கன்னு எழுதாத.'

அவள் குரலிலேயே கேட்டது. கணக்கில் தப்பு விட்டால் இப்படித்தான் சொல்வாள். மறுபடி போடு, பின்னாடி விடையப் பார்த்துப் போடாத.

பகல் முழுவதும் ஒன்றும் எழுதவில்லை. அம்மா அழுததை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது? அதைத்தான் இத்தனை வருடமும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயராகப் போட்டு வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு எழுதி அனுப்பினேன். திருத்தவில்லை.

'நீ திரும்பி வரணும்னு சொன்னேன். நீ போன அன்னைக்கு உன் கட்டில்ல போர்வைய மடிக்காம போட்டுட்டுப் போயிருந்த. ரெண்டு நாள் அதையே பாத்துட்டு படுத்திருந்தேன். அப்பா போனா உன்னக் கூட்டிட்டு வந்துடுவாங்க, கொஞ்ச நாள் திட்டுவாங்க, அப்புறம் மறுபடியும் நாம ரெண்டு பேரும் அந்த ரூம்ல இருப்போம்னு நெனச்சேன். மாமாவ அடிப்பாங்கன்னு நெனைக்கல. இல்ல, நெனச்சேன். பெரியப்பா மகன் கார்ல ஏறும்போதே தெரிஞ்சுது. அப்பவும் நான் உனக்குப் போன் பண்ணிச் சொல்லல. நீ வேணும்னு மட்டும்தான் இருந்துச்சு.'

பதினொன்றேகாலுக்கு அந்த எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தேன்.

முதலில் ஒரு மின்விசிறி. பிறகு குழந்தையின் நெற்றி. பிறகு ஒரு கண், மிக அருகில்.

"அம்மா, இந்த போன்ல யாரோ அழறாங்க."

தூரத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு அவள் குரல். கொஞ்சம் தடித்திருக்கிறது.

"சித்தி."

"எந்தச் சித்தி?"

பாத்திரச் சத்தம் நின்றது. குழாய் நின்றது.

"உனக்கு இருக்கறதே ஒருத்திதான்."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "ஏன் அழறீங்க?" என்றாள். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். "எனக்கும் சளி" என்று மூக்கைக் காட்டினாள். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அதன் பிறகு திரையில் கூரையும் விசிறியும் மட்டும்தான். நான் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. மிக்ஸி ஓடியது. பாப்பா எதையோ கொட்டினாள், திட்டு விழுந்தது. குக்கர் மூன்று விசில் விட்டது. மோகன் மாமா யாரிடமோ வாசலில் பேசிவிட்டு உள்ளே வந்தார். இருபத்திரண்டு நிமிடம். ஒருமுறை அக்கா போனைத் தாண்டிப் போனாள். சேலையின் ஓரமும் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. பாதம் போனுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றது.

துண்டிக்கவில்லை. தாண்டிப் போனாள்.